மன்னாரிலிருந்து மாத்தளைக்கு: வன்னிக் காட்டின் வடபாதை

மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் முன்னோர் தூத்துக்குடியிற் கப்பலேறிக் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து புகையிரதத்தில் மலைநாடு சென்றவர்கள் என்றதோர் எண்ணம் கொழும்புத் தமிழரிடையே உண்டு. துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையிலாயினும் தெற்கேயுள்ள வெள்ளவத்தையிலாயினும் இதுபற்றிப் பேச்செழும்போது கப்பலும் புகையிரதமுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. இது முற்றிலும் பிழையான எண்ணமன்று. ஆயின் அவ்வழி பெருவழியாக மாறியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே. அதற்கு முந்திய ஏறத்தாழ எழுபது ஆண்டுக் காலத்திலே வந்தோரிற் பெரும்பாலார் கொழும்பைக் கண்டவரல்லர். அவர்கள் தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, வன்னிக் காட்டினூடாகக் கால்நடையாக மாத்தளைக்குச் சென்றனர். ஆங்கில ஆவணங்களிலே ‘வடபாதை’ என்னும் பொருள்படக் குறிக்கப்படும் அந்த வழியின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது.

தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் (1824–1831) காலத்திலே ஊக்கம்பெற்ற கோப்பிச் செய்கை, 1830களின் பிற்பகுதியிலே கண்டி நாட்டு மலைச்சரிவுகளில் விரைந்து பரவிற்று. தமக்கெனச் சிறிதளவேனும் நிலமுடைய கண்டிச் சிங்களக் குடியானவர் தோட்டத்தில் நிரந்தரமாகத் தங்கி உழைக்க விரும்பவில்லை. பாக்குநீரிணைக்கு அப்பாலோ, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலே வறட்சியும் கடனும் சாதிக்கொடுமையும் உழுதொழிலாளரை ஊரைவிட்டு விரட்டிக்கொண்டிருந்தன. 1839ஆம் ஆண்டிலே 2,719 பேர் வந்தனர். 1844இலே 76,745 பேர் வந்தனர். பின்னைய தொகையில் ஆண்கள் 74,840, பெண்கள் 1,181, சிறுவர் 724. இவ்வெண்களே அக்காலப் பயணத்தின் தன்மையை உணர்த்தப் போதுமானவை. குடியேற்றமன்று அது, அறுவடைக்குச் சென்று மீளும் ஆண்களின் நடை.

இராமேசுவரத்தையடுத்த பாம்பன், தொண்டி, தேவிபட்டினம், அம்மாபட்டினம் ஆகிய துறைகளிலே அவர்கள் தோணியேறினர். தலைமன்னார், பேசாலை, வங்காலை, அரிப்பு எனக் காற்றுக் கொண்டுசேர்த்த இடத்தில் இறங்கினர். அங்கிருந்து சென்ற வழியும் ஒன்றன்று. காலத்துக்குக் காலம் மாறிய பல ஒற்றையடிப் பாதைகள் காட்டினூடே சென்று, மதவாச்சி, மிகிந்தலை ஆகிய இடங்களையொட்டி ஒருங்குசேர்ந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை அடைந்தன. தலைமன்னாரிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 150 மைல். நலமுடன் நடப்போருக்கு 10 முதல் 15 நாள் வரையிற் செல்லும். கையில் அரிசி முடிச்சும் சட்டியும், தோளிலே கம்பளி, முன்னே கங்காணி.

இப்பாதையின் கொடுமையை ஆண்டின் பருவங்களோடு சேர்த்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும். கோப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டின் இறுதி மாதங்களாதலின், பெருந்தொகையினர் அதற்கு முந்திய கோடையில் வந்தனர். அப்பொழுது வன்னியின் சிறுகுளங்கள் வற்றி, ஆறுகள் மணல் வரிகளாய்க் கிடக்கும். அறுவடை முடிந்து அவர்கள் திரும்பும் வேளையிலோ வடகீழ்ப் பருவமழை பெய்து முடிந்திருக்கும், அல்லது பெய்துகொண்டிருக்கும். மன்னார்ப் பக்கத்துக் களிமண் தரை முழங்காலளவு சேறாகும், அருவியாறு கரைபுரளும், காய்ச்சல் பெருகும். போகும்போது தாகமும் மீளும்போது சேறும் என்பதே வடபாதையின் நியதியாயிற்று.

உலகின் வடகோடியிலே நிலைமை இதற்கு நேர்மாறானது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பின்லாந்து, சுவீடன் முதலிய நாடுகளில் கோடையிலே கால்வைக்கவியலாத சதுப்பு நிலமும் காடும், மாரியிற் பனி உறைந்தபின் நல்வழிகளாகின்றன. மிதியடியோடு பிணைத்த அகன்ற பனிச்சட்டங்களை அணிந்து, நட்டுவைத்த கோல்களையும் மரங்களில் இட்ட குறிகளையும் பார்த்து மக்கள் அவற்றைக் கடக்கின்றனர். குறியிட்ட வழி என்பது எவரோ பின்வருபவரைக் கருதிச் செய்த வேலை. வடபாதையின் தொடக்க காலத்திலே அத்தகைய கருதுதல் இருந்ததாகத் தெரியவில்லை. முன்சென்ற கூட்டத்தின் அடுப்புச் சாம்பலும், வழியோரத்தில் விடப்பட்டவர்களின் எலும்புகளுமே அங்கு அடையாளங்கள். எலும்புகளைக் கண்டதாக அக்கால ஐரோப்பியரே எழுதிவைத்துள்ளனர்.

இம்மரணங்களுக்குக் காட்டையும் காலநிலையையும் காரணங்காட்டுதல் அன்றைய அதிகாரிகளுக்கு வசதியாயிருந்தது. இக்கூற்றை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. வன்னிக் காடு மனிதர் அறியாத காடன்று. குளக்கட்டுகளை அண்டித் தமிழூர்களும் சிங்கள ஊர்களும் அங்கிருந்தன. வடக்கிலிருந்து வணிகரும் யாத்திரிகரும் காலங்காலமாகக் காட்டுவழிகளில் நடந்தே வந்தனர். நீர்நிலை எங்குள்ளது, எம்மாதத்தில் நடக்கலாம் என்பதை அறிந்து நடந்தனர். தோட்டத்துக்குச் சென்றவர்களுக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை. வறட்சியால் நலிந்த உடல், நெருக்கியடித்த தோணிப் பயணம், அதன்பின் உடனே நடை. அவர்களின் கப்பற்கூலியும் வழிச்செலவும் கங்காணி கொடுத்த முன்பணமாகக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன. ஒருநாள் தங்கினால் ஒருநாட் செலவு கூடும். ஆகவே, நோயுற்றவனுக்காகக் கூட்டம் நின்றுகொள்ளாது. அவனை ஒரு மரத்தடியிலே சிறிது நீரோடு விட்டுச்செல்வதே வழக்கமாயிற்று. கங்காணியின் கல்நெஞ்சத்தை மட்டும் இதற்குக் குற்றஞ்சாட்டுவது எளிது. தோட்டத்துரையின் பணத்தை அவன் கணக்குக் காட்டவேண்டியிருந்தது என்பதையும் உடன்வைத்து நோக்கவேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய கொலையாளி வாந்திபேதி. நோய் தண்ணீரினாற் பரவுகின்றது என்பதை 1854இலே இலண்டன் மாநகரத்துத் தெருக்குழாய் ஒன்றைக் கொண்டு ஜோன் சினோ என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். ஆயினும் கெட்ட காற்றே காரணம் என்ற கொள்கை அதன்பின்னும் நெடுங்காலம் நிலவிற்று. வடபாதையிலே ஆயிரக்கணக்கானோர் வற்றிப்போன அதே சில நீர்நிலைகளிலே குடித்தனர். அவற்றின் கரையிலேயே தங்கினர். நோய் அங்கே ஒரு கூட்டத்திலிருந்து அடுத்ததற்குச் சென்றதில் வியப்பில்லை. வழியோரக் கிராமத்தவர் அஞ்சி விலகினர். நோயோடு வருபவர் என்ற பெயர், தோட்டத் தொழிலாளர் மேல் முதன்முதலிற் படிந்தது மலையிலன்று, இந்த வழியிலேதான் எனலாம்.

மாண்டோர் எத்தனை பேர்? 1841 தொடக்கம் 1849 வரை எழுபதினாயிரம் பேர், அதாவது வந்தோரில் நாலிலொரு பங்கினர், இறந்ததாகக் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. இவ்வெண்ணைப் பின்வந்தோர் பலரும் எடுத்தாண்டுள்ளனர். வந்தவர் தொகைக்கும் மீண்டவர் தொகைக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்து இத்தகைய மதிப்பீடுகள் பெறப்படுதலின், தோட்டத்தில் இறந்தோரும், வேறு துறைகளால் கணக்கிற்படாது மீண்டோரும், இங்கேயே தங்கிவிட்டோரும் அதனுள் கலந்திருப்பர். எனவே, எழுபதினாயிரத்தை உறுதியான தொகையாகக் கொள்வதற்கில்லை. ஆனால் உறுதியான தொகை ஏன் இல்லை என்ற கேள்வி தொகையினும் முக்கியமானது.

இந்தியாவிலிருந்து மொரீசியசு முதலிய நாடுகளுக்குத் தொழிலாளரை அனுப்புவதிலே நிகழ்ந்த கொடுமைகள் பிரித்தானியாவில் எதிர்ப்பைக் கிளப்பியமையால், 1839இலே அத்தகைய குடிபெயர்வு தடைசெய்யப்பட்டது. பின்னர் கண்காணிப்பு விதிகளுடன் மொரீசியசுக்கான வழி திறக்கப்பட்டது. இலங்கை தொடர்பான தடையை 1847ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் நீக்கிற்று. மொரீசியசுக்குச் செல்பவனுக்கு ஒப்பந்தமும் பதிவேடும் கப்பலிலே மருத்துவ ஏற்பாடும் வேண்டும். இலங்கைக்குச் செல்பவனோ பக்கத்து மாவட்டத்துக்குப் போகின்றவனாகவே கொள்ளப்பட்டான். பத்திரமில்லை, பதிவில்லை, ஆகவே அவனது மரணத்துக்கும் பதிவில்லை. தூரம் குறைந்தமையே அவனுக்குத் தீங்காயிற்று. ஒப்பந்த அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ‘சுதந்திரத்’ தொழிலாளி என்று தோட்டத்துரைமார் பெருமைகூறிய நிலையின் மறுபக்கம் இது.

பாதையைச் செப்பனிடுவது யார் பொறுப்பு என்ற வழக்கும் நீண்டது. அரசாங்கமே செய்யவேண்டும் என்றனர் தோட்டத்துரைமார். பயன்பெறுவோர் செலவைப் பகிரவேண்டும் என்றது அரசாங்கம். கோப்பி மூடைகள் இறங்கிவரும் கண்டி–கொழும்பு வழிக்குப் பணம் இருந்தது. 1867இலே அவ்வழியிற் புகையிரதமும் ஓடிற்று. கோப்பியைப் பறிக்கும் கைகள் வந்துசேரும் வழியோ இரந்து நின்றது. தேசாதிபதி ஹென்றி வார்ட் (1855–1860) இதிற் சிறிது வேறுபட்டவர். அவர் காலத்திலே, 1858ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், குடிபெயர் தொழிலாளர் ஆணைக்குழு ஒன்று அமைந்தது. கிணறுகள் வெட்டப்பட்டன; தங்குமடங்களும் மருத்துவ நிலையங்களும் ஏற்பட்டன; காடு இருமருங்கும் வெட்டி அகலமாக்கப்பட்டது. மரணம் குறைந்தது, நிற்கவில்லை. 1876–78ஆம் ஆண்டுகளின் சென்னை மாகாணப் பெரும் பஞ்சத்திலே, எலும்பும் தோலுமாக வந்தவர்கள் முன் அந்த ஏற்பாடுகள் நிலைகுலைந்தன.

1869இலே தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்து, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். ஆகவே, ஆண்கள் தனித்து நடந்த பாதையிலே குடும்பங்கள் நடந்தன. மீள்நடை வரவரக் குறைந்தது. இதனிடையே, 1870களிலே தூத்துக்குடிக்குப் புகையிரதம் வந்தது. 1885இலே கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் நிறைவெய்திற்று. 1896இலே பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் இலங்கைக்குள் நுழைந்துவிடும் என்ற அச்சம் எழுந்தபோது, ஆட்சியாளர் வடபாதையை மூடி, வருவோர் அனைவரையும் கொழும்பு வழிப்படுத்தினர். றாகமையில் அவர்கள் தடுத்துவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். கொழும்புத் தமிழர் நினைவிலே பதிந்துள்ள காட்சி இந்தக் காலத்துக்குரியது. அதுவும் நெடிதன்று: 1914இலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலே கப்பற் சேவையும், தலைமன்னாரிலிருந்து புகையிரதமும் ஏற்பட, போக்குவரத்து மீண்டும் மன்னாருக்குத் திரும்பிற்று. முன்னோர் பத்து நாள் நடந்த காட்டை மக்கள் ஓரிரவிற் கடந்தனர்.

பதிவில்லாத அந்தப் பயணத்தின் விளைவு நூறாண்டின் பின்னர் வெளிப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், வம்சாவழியாற் பிரசையென உரிமைகோருவோன் தன் தந்தையேனும், அன்றேற் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்தமையைக் காட்டவேண்டும் என்றது. பூட்டன் வந்ததற்கே எழுத்தில்லாத ஒரு மக்களிடம் அவனது பிறப்புக்கு எழுத்துக் கேட்கப்பட்டது. 1964 ஒக்ரோபரில் செய்துகொள்ளப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டியதாயிற்று. அவர்களிற் பலர் தலைமன்னார்த் துறைவழியாகவே அனுப்பப்பட்டனர். 1984இற் கப்பல் நின்றது.

2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆந் தேதி, மலையக மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறாண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரில் ஒரு நடைப்பயணம் தொடங்கிற்று. முன்னோர் நடந்த திசையிலேயே, தார் வீதிவழியே அவர்கள் நடந்து, ஆகஸ்ட் 12ஆந் தேதி மாத்தளையை அடைந்தனர். வடபாதை முடிவுற்ற அந்நகரிலே, வாந்திபேதிக்கும் அம்மைக்கும் அஞ்சியவர்கள் வேண்டிநின்ற தெய்வமாகிய முத்துமாரியம்மனின் கோயில் உள்ளது.