சோழவரம் ஓடுதளமும் கரிவரதனும்

தமிழ்நாட்டின் கார் பந்தயம் வளர்ந்த இடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தை அடுத்த இந்த ஊரில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயக்களமாக்கியது. இங்கிலாந்திலும் போருக்குப் பின் இப்படியே நடந்தது. சில்வர்ஸ்டோன் களமும் பழைய விமானதளம்தான். அமெரிக்காவில் பழைய வீட்டுக் கார்களைப் பிரித்து மாற்றி, மண் தடங்களில் ஓட்டும் பந்தயம் அக்காலத்தில் பரவியது.

இந்தியாவில் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்ததால், இங்கும் வீட்டுக் கார்தான் பந்தயக் காராக மாறியது. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை பட்டறைக்குப் போயின. இருக்கைகளைக் கழற்றி எடை குறைத்தார்கள். சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவினால் எரிகலவை மேலும் அழுந்தி எரியும்; எஞ்சினின் விசை கூடும். கூடுதல் கார்புரேட்டர் பொருத்தினால் அதிக வேகத்திலும் கலவைக்குத் தட்டுப்பாடு வராது. திருப்பத்தில் வண்டி சாயாதிருக்க சஸ்பென்ஷனைத் தாழ்த்தினார்கள். எனவே, ஓட்டுநரின் திறமைக்கு இணையாக மெக்கானிக்கின் கைத்திறனும் வெற்றியைத் தீர்மானித்தது.

இந்த இரு திறமைகளும் ஒருங்கே அமைந்தவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் 1954-இல் பிறந்தவர். வார்ப்படப் பட்டறைகளும் லேத் பட்டறைகளும் நிறைந்த அவருடைய ஊர், காரைக் கழற்றி மாற்றிக் கட்டுவதற்கு ஏற்ற இடம். தாம் மாற்றியமைத்த கார்களைச் சோழவரத்தில் தாமே ஓட்டிப் பெயர் பெற்றார்.

1980-களில் வசதி படைத்த சிலர் வெளிநாட்டுப் பந்தயக் கார்களைக் கொண்டுவந்தனர். விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே சோழவரத்தில் ஓட்டினார். அத்தகைய கார்களோடு உள்ளூர் வண்டி போட்டியிட முடியாது; பணமில்லாத இளைஞருக்கு முன்னேற வழியும் இல்லை. இந்தக் குறையைத் தீர்த்ததே கரிவரதனின் பெரும்பணி. மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினைக் கொண்டு, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரை வடிவமைத்தார். 1988-இல் வந்த இந்த ஃபார்முலா மாருதிக்கு உதிரி பாகங்கள் எளிதாகக் கிடைத்தன, செலவு குறைந்தது. எல்லாருக்கும் ஒரே வகைக் கார் என்பதால் ஓட்டும் திறமை துலங்கியது.

1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரக் களம் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 1993-இல் ஃபார்முலா மாருதியில் போட்டியிட்டார். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு அமெரிக்க கிராண்ட் பிரீயில் நான்காம் இடம் பெற்றார். சோழவரத்தில் ஓட்டிய விக்கி சந்தோக்கின் மகன் கருண் சந்தோக் 2010-இல் ஃபார்முலா ஒன்னை எட்டினார்.

நரேனின் அந்த வெற்றியைக் காணக் கரிவரதன் இல்லை. 1995-இல் விமான விபத்தில் இறந்தார். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட 2.1 கிலோமீட்டர் பந்தயக்களத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரே சூட்டப்பட்டது. செல்வந்தரின் பொழுதுபோக்காக இருந்த கார் பந்தயத்தை இளைஞர்கள் கற்றுத் தேறும் துறையாக மாற்றியவர்களில் முதலிடம் அவருக்கே உரியது.