மாகாணங்களின் பெயரில் ஒரு சுற்றுப்போட்டி

ஒரு பேரரசு வீழ்ந்தால் அதன் கதையை எழுதப் பலர் முன்வருவர். ஒரு விளையாட்டுப் போட்டி மறைந்தால் அதனை எழுதுவார் அரியர். ஆயினும், அது தோன்றியதும் மறைந்ததும் ஒரு நாட்டின் பொருளியலையும் மக்கள் மனப்பாங்கையும் நமக்கு நன்கு காட்டக்கூடும். 2012ஆம் ஆண்டில் ஒரேயொரு முறை நடந்து முடிந்த ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் அத்தகையது. கொட்டகலை, ஹட்டன், தலவாக்கலைப் பகுதிகளில் வாழும் நேயர்களுக்கு அதில் ஒரு தனி அக்கறை உண்டு. மலைநாட்டின் பெயரைத் தாங்கிய அணியொன்றும் அதில் ஆடியது.

மலையகத்திற்குத் துடுப்பாட்டம் புதிதன்று. தோட்டத் துரைமார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே டரவளையிற் கழகம் அமைத்து விளையாடினர். ரதல்லையிலும் அவர்களுடைய மைதானம் எழுந்தது. தேயிலை மலைகளுக்கு நடுவே புல்வெளியைச் சமன்செய்த உழைப்புத் தொழிலாளருடையது; கழகத்தின் அங்கத்துவமோ துரைமாருடையது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் முதற்றரக் கழகங்களிற் பெரும்பாலானவை கொழும்பையும் அதன் அயலையுமே சார்ந்திருந்தன. இக்குறையை ஓரளவு நீக்கக் கருதியே மாகாண அணிகளுக்கிடையிலான போட்டிகள் பிற்காலத்தில் நடத்தப்பெற்றன. வயம்ப அணி 2009இலும் 2010இலும், ருகுணு அணி 2011இலும், சாம்பியன்ஸ் லீக் எனும் பன்னாட்டுப் போட்டியில் இலங்கையின் சார்பில் ஆடின.

இதற்கிடையில், 2008இல் இந்தியாவில் ஐ.பி.எல். தொடங்கிற்று. இருபது ஓவர் ஆட்டம் பெரும் வணிகமாக வளரக்கூடும் என்பதை அது உலகுக்குக் காட்டியது. இலங்கையிலும் மாகாண அணிகளைத் தனியாருக்கு விற்றுப் போட்டி நடத்தலாம் என்ற எண்ணம் உதித்தது. 2011இல் நடைபெறவிருந்த அப்போட்டிக்கு ஆரம்பத்திலேயே தடை நேர்ந்தது. வீரர்களுடன் ஒப்பந்தம் செய்வது சிங்கப்பூரைச் சேர்ந்த ஒரு தனியார் நிறுவனம் என்று காரணங் கூறி, இந்தியக் கட்டுப்பாட்டுச் சபை தன் வீரர்களுக்கு அனுமதி மறுத்தது. போட்டி மறு ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

2012 ஓகஸ்ட் மாதத்தில் ஏழு அணிகள் களமிறங்கின. மலைநாட்டுக்குக் கந்துரட்ட வொரியர்ஸ், வடக்கிற்கு உதுர ருத்ராஸ், கிழக்கிற்கு நாகெனஹிர நாகாஸ், ஊவாவுக்கு ஊவா நெக்ஸ்ட் என்றிவ்வாறு பெயர்கள் அமைந்தன. ஆனால் ஆட்டங்கள் நடந்த இடங்கள் இரண்டே: கொழும்பு பிரேமதாச அரங்கும் பல்லேகலை அரங்கும். ஓகஸ்ட் 31இல் கொழும்பில் நடந்த இறுதியாட்டத்தில், மழை குறுக்கிட்டமையால் டக்வர்த்–லூயிஸ் விதிப்படி, நாகாஸ் அணியை ஊவா அணி வென்றது. வெற்றி ஊவாவின் பெயரில் எழுதப்பட்டது. ஆனால் அப்போட்டியின் ஓர் ஆட்டமேனும் பதுளையிலோ மொனராகலையிலோ நடைபெறவில்லை. யாழ்ப்பாணத்திலும் நடைபெறவில்லை.

2013இல் இரண்டாம் போட்டி நடந்திருக்க வேண்டும். அணிகளின் உரிமையாளர்கள் உரிய வங்கி உத்தரவாதத்தை வழங்கவில்லை. ஆகவே போட்டி நிறுத்தப்பட்டது. பின்னர் அது மீளவே இல்லை. அவ்வாண்டில் அதற்கு ஈடாகப் பழைய முறையில் மாகாண அணிகளே மோதின. கந்துரட்ட அணி வாகை சூடிற்று. சாம்பியன்ஸ் லீக்கில் ஐதராபாத் அணிக்கு ஆடும் வாய்ப்பும் குமார் சங்கக்காரவுக்கு இருந்தது; கண்டியிற் கல்வி கற்ற அவர் கந்துரட்டவையே தெரிந்தெடுத்தார். அணி தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. எனினும், விலைக்கு வாங்கப்பட்ட பெயருக்கும் விரும்பி ஏற்ற பெயருக்கும் உள்ள வேற்றுமை அங்கே புலப்பட்டது.

இத்தகைய வீழ்ச்சி இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பேஸ்போல் ஆட்டத்தின் சிறுதர லீக்குகள் 1949இல் ஐம்பத்தொன்பது இருந்தன. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அவற்றிற் பெரும்பாலானவை மறைந்தன. வீட்டுக்குள் தொலைக்காட்சி வந்தது. பெருநகர ஆட்டத்தை இருந்த இடத்திலேயே காண முடிந்தது. சிற்றூர் மைதானத்தில் நுழைவுச் சீட்டு விற்பனை குன்றியது. அந்த அணிகளுக்கோ சொந்த ஊரும் சொந்த மைதானமும் இருந்தன. அவையே தளர்ந்தனவென்றால், ஊருமின்றி மைதானமுமின்றித் தொலைக்காட்சியையும் முதலாளியையும் மட்டுமே நம்பிய அணிகள் நிலைக்காமற் போனதில் வியப்பில்லை.

2020இல் லங்கா பிரீமியர் லீக் என்ற பெயரில் முயற்சி மீண்டுந் தொடங்கியது. கண்டி அணி 2023இல் வெற்றிக் கிண்ணத்தையும் பெற்றது. ஆயினும் முதல் ஐந்து போட்டிகளுக்குள் அவ்வணி டஸ்கர்ஸ், வொரியர்ஸ், பல்கன்ஸ், பி-லவ் என நான்கு பெயர்களைத் தாங்கிவிட்டது. உரிமையாளர் மாறப் பெயரும் மாறும் அணியை ஒரு சிறுவன் எவ்வாறு தன்னுடையதென்று கொண்டாடுவான்?

முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் தொழில் செய்ய வந்தவர். பேரனோ டெஸ்ற் ஆட்டத்தில் 800 விக்கெற்றுகளைக் கைப்பற்றி உலக சாதனை படைத்தார். அவரை உருவாக்கியது எந்தப் பிரீமியர் லீக்கும் அன்று. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானமும் அங்கிருந்த பயிற்சியுமே. வீரர்கள் தோன்றுவது பாடசாலை மைதானத்தில். மலைநாட்டின் பெயரை அணிக்குச் சூட்டுவது எளிது. தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு நல்லதொரு மைதானம் அமைப்பதே அரிது. அரியதைச் செய்தபின் அணியொன்று எழுமாயின், அதன் வாழ்வு ஒரு மாதத்தோடு முடியாது.