கம்பனி ஆட்சியும் சமுதாயமும்

வாணிபத்தின் பொருட்டு மக்கள் ஒன்றுகூடி உழைத்தல் உலகிற்குப் புதியதன்று. ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் முதலிய வணிக கணங்கள் சோழர் காலத்திலேயே கடல்கடந்து வாணிபம் நடாத்தின. பொலனறுவையிலும் பதவியாவிலும் கிடைத்த தமிழ்ச் சாசனங்கள், ஐந்நூற்றுவர் ஈழத்திலும் செல்வாக்குற்றிருந்தமைக்குச் சான்று பகரும். ஆயின் அக்கணங்கள் வணிகரது கூட்டுறவேயன்றி, அவரினின்றும் வேறாயதோர் ஆள் அல்ல. 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் வளர்ச்சியுற்ற கூட்டுப்பங்குக் கம்பனியோ இயல்பால் வேறுபட்டது. அதன் தன்மையையும், சமுதாயத்தில் அது விளைத்த பயனையும் அறிதற்கு, நமது கரையோரத்தை ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியிலும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை.

இக்கம்பனி 1602 ஆம் ஆண்டு மார்ச்சு 20 ஆம் நாள் ஒல்லாந்த அரசுப் பேரவை வழங்கிய பட்டயத்தாற் பிறந்தது. அதன் முதல் ஏறக்குறைய 64 இலட்சம் கில்டர். அம்ஸ்ரர்டாம் நகரில் மட்டும் ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்டோர் பங்கெடுத்தனர். பெருவணிகரோடு வீட்டுப் பணிப்பெண்களும் அவருள் இருந்தனர். பத்தாண்டின் பின் முதலைத் திரும்பப் பெறலாமென்பது தொடக்கத்தில் இருந்த ஏற்பாடு. அது நிறைவேறவில்லை. பணம் வேண்டியவர் தம் பங்கைப் பிறருக்கு விற்கலாமேயன்றிக் கம்பனியிடமிருந்து மீட்க இயலாதாயிற்று. இவ்வாறு பங்காளர் மாறினும் இறப்பினும் தான் மாறாது நிலைபெறும் முதலொன்று உருவாயிற்று. சிறு சேமிப்புக்களை ஒன்றுதிரட்டித் தனியொருவராற் செய்தற்கரிய செயலைச் செய்தல் இவ்வமைப்பின் தனிச்சிறப்பாகும்.

ஆனாற் பட்டயம் அதற்கு வாணிப உரிமையை மாத்திரம் அளிக்கவில்லை. கோட்டை கட்டவும், படை வைக்கவும், கீழைத்தேய மன்னரோடு உடன்படிக்கை செய்யவும், போர் தொடுக்கவும் உரிமை அளித்தது. அரசின் வாளும் வணிகனின் தராசும் ஒரே கையிற் சேர்ந்தன. அக்கையை ஏவியோர் ‘பதினெழுவர்’ எனப்பட்ட பணிப்பாளர் ஆவர். அவர் கீழைத்தேயத்தைக் கணக்கேடுகள் வாயிலாகவே பெரிதும் அறிந்தனர்.

இச்சேர்க்கையின் கொடிய விளைவைப் பண்டாத் தீவுகள் கண்டன. சாதிக்காய் வாணிபத்தைத் தன் தனியுடைமையாக்க விரும்பிய கம்பனி, 1621 இல் ஆள்பதி கூன் தலைமையிற் படையெடுத்தது. தீவினருட் பெரும்பாலோர் கொல்லப்பட்டும், பட்டினியால் மடிந்தும், நாடுகடத்தப்பட்டும் அழிந்தனர். அவர்தம் தோப்புக்களில் அடிமைகள் குடியேற்றப்பட்டனர். அம்ஸ்ரர்டாமிற் பங்கு வைத்திருந்த பணிப்பெண் இக்கொலையைக் கட்டளையிட்டாளல்லள். அதனை அறிந்திருக்கவும் மாட்டாள். எனினும் அதன் இலாபத்தில் அவளுக்கும் ஒரு கூறுண்டு. பயன் ஓரிடத்தும் துன்பம் வேறோரிடத்தும் நிகழ, இரண்டிற்கும் இடையே பொறுப்பேற்பார் இலராதலே இவ்வமைப்பின் பெருங்குறை என்க.

ஈழத்தில் நிகழ்ந்ததும் ஆராயத்தக்கது. போர்த்துக்கேயரை அகற்றுதற் பொருட்டு இரண்டாம் இராசசிங்கன் 1638 இற் கம்பனியோடு உடன்படிக்கை செய்தான். 1656 இற் கொழும்பும் 1658 இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தன. மன்னன் நாட்டைக் கேட்டபோது கம்பனி போர்ச்செலவுக் கணக்கை நீட்டியது. கடன் தீருமளவும் நிலத்தை ஈடாக வைத்திருப்பதாகக் கூறிற்று. அக்கடன் தீரவேயில்லை. வென்றவன் என்றன்றிக் கடன்கொடுத்தவன் என்று சொல்லி நாடாண்ட விந்தை இது.

ஆட்சியின் நோக்கம் கறுவா. கறுவா உரிக்கும் குலத்தார் ஆண்டுதோறும் குறித்த அளவு பட்டை இறுத்தல் வேண்டும்; கள்ளமாக அதனை விற்றோர்க்கு மரணதண்டனை விதிக்கப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் யானை விற்பனை, சாயவேர், சங்கு என்பன வருவாய் ஈட்டின. குடிகள் வரியோடு ஊழியமும் செய்தனர்.

நடுநிலையோடு நோக்குவார் மறுபக்கத்தையும் மறுத்தலாகாது. வரி தண்டுதற்கு எழுதப்பட்ட தோம்புகள் இன்று நமது சமுதாய வரலாற்றுக்கு மூலங்களாயுள்ளன. வழக்குத் தீர்த்தற்பொருட்டு 1707 இற் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை இன்றும் வழக்கிலுள்ளது. உரோம ஒல்லாந்தச் சட்டமும் அவ்வாறே. ஆயின் இவை ஆட்சிக்கு வேண்டிய கருவிகளாகத் தோன்றியவையேயன்றி, மக்கள் நலனையே குறிக்கொண்டு எழுந்தவையல்ல.

முடிவில் கம்பனி தன்னையே உண்டது. குறைந்த ஊதியம் பெற்ற அலுவலர் களவு வாணிபத்திற் செல்வம் சேர்த்தனர். 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஈட்டியதிலும் மிகுதியான பங்கிலாபம் வழங்கப்பட்டது. யாழ்ப்பாணக் கோட்டையின் வெளியரண் 1792 இல் நிறைவெய்தியது. மூன்றாண்டுகளின் பின், 1795 இல், கோட்டை எதிர்ப்பின்றி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1799 இன் இறுதியிற் பட்டயமும் முடிவுற்றது.

அடுத்து வந்ததும் ஒரு கம்பனியே. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி தென்னை மரத்துக்கு வரி விதித்தும், சென்னையிலிருந்து வரி தண்டுவோரைக் கொணர்ந்தும் 1797 இற் கலகத்தை விளைத்தது. 1802 இல் இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. கம்பனி ஆட்சி ஒழிந்தது.

இன்றைய கம்பனிகளுக்குப் படையில்லை, கோட்டையில்லை. ஆயினும் பலர் பொருளைத் திரட்டும் ஆற்றலும், பலர் பொறுப்பை மறைக்கும் தன்மையும் மாறவில்லை. முன்னையது சமுதாயத்துக்கு ஆக்கம், பின்னையது கேடு. ஆக்கத்தைப் பேணிக் கேட்டைத் தடுக்க வல்லது, கம்பனி தன் பங்காளர்க்கு மட்டுமன்றித் தன் செயலாற் பயனோ துன்போ எய்தும் யாவர்க்கும் விடை கூறுமாறு செய்யும் சட்டமேயாகும். அச்சட்டம் இல்லாதவிடத்து என்ன நிகழும் என்பதற்கு நம் கரையோர வரலாறே சான்று.