பழகிய கையும் புதிய மேடையும்

2011ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் க்னோம் 3.0 வெளியானது. லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் திரையில் காணும் சாளரங்கள், பட்டிகள், படவுருக்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்த அமைப்பைப் பணிமேடை என்கிறோம். அத்தகைய பணிமேடைகளுள் க்னோம் முதன்மையானது. 1997இல் மிகேல் தே இகாசாவும் பெதெரிகோ மேனாவும் தொடங்கிய முயற்சி அது. அதன் மூன்றாம் வடிவம் எழுப்பிய சினமும், அச்சினம் சென்று சேர்ந்த இடமும் மென்பொருள் வரலாற்றில் தனியே வைத்து எண்ணத்தக்கவை.

மாற்றம் சிறியதன்று. க்னோம் 2இல் திரையின் மேலும் கீழும் இரு பலகங்கள் இருந்தன. மேற்பலகத்தின் இடப்பக்கம் மூன்று பட்டிகள். கீழ்ப்பலகத்தில் திறந்திருக்கும் சாளரங்களின் வரிசை. புதிய வடிவில் கீழ்ப்பலகமே இல்லை. மூன்று பட்டிகளும் போய், எல்லாவற்றிற்கும் ஒரே வாயிலாக ‘செயல்பாடுகள்’ என்னும் முகப்பு வந்தது. சாளரங்களைச் சுருக்கவும் பெரிதாக்கவும் உதவிய பொத்தான்கள் மறைந்தன. கணினியை அணைக்கும் கட்டளைகூட வெளிப்படையாக இல்லை. ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால்தான் அது கண்ணில் படும். அக்கட்டளை பழையபடி வெளியே வர 2012 செப்டம்பரில் வந்த 3.6 வடிவம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வடிவமைத்தவர்கள் இதை விளையாட்டாகச் செய்துவிடவில்லை. 2008இல் பாஸ்டன் நகரில் கூடிப் பேசியதிலிருந்தே இச்சிந்தனை வளர்ந்து வந்தது. கணினிமுன் அமர்பவரின் கவனம் பலகங்களாலும் அறிவிப்புகளாலும் சிதறுகிறது. செய்துகொண்டிருக்கும் வேலையைத் தவிர மற்றவை விலகி நிற்கவேண்டும் என்பது அவர்கள் கட்சி. அதில் நியாயம் உண்டு. எதிர்த்தவர்களிடமும் நியாயம் இருந்தது. பல ஆண்டுப் பழக்கத்தில் கை தானே சென்று சேரும் இடங்களை வேறொருவர் ஓரிரவில் இடம்மாற்றிவிட்டால், அதுவரை வேலையில் இருந்த கவனம் முழுவதும் கருவியின் மேல் திரும்பிவிடுகிறது. கவனத்தைக் காக்க வந்த மாற்றமே கவனத்தைக் கலைத்தது.

லினக்ஸ் கருநிரலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2011 ஆகஸ்டில் இப்புதிய வடிவைக் கடுஞ்சொற்களால் சாடிவிட்டு, எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய பணிமேடைக்குக் குடிபெயர்ந்தார். அவருக்கு இது முதல் குடிபெயர்ச்சியன்று. கேடீஈ என்னும் மற்றொரு பணிமேடையின் 4.0 வடிவம் 2008 ஜனவரியில் அரைகுறையாக வந்தபோது, அதன்மேல் சினந்து க்னோமுக்கு வந்தவர் அவர். அதற்கும் முன்பு, 2005இல், க்னோம் பயனர்களை அறிவிலிகளாகக் கருதுகிறது என்று சாடி, கேடீஈக்குச் செல்லுமாறு பிறருக்கு அறிவுரை கூறியவரும் அவரே. 2013இல் நீட்சிகளின் துணையோடு மீண்டும் க்னோமுக்கே திரும்பினார்.

இந்த அலைச்சலைக் கண்டு நகைக்கத் தோன்றலாம். ஆனால் அதில் ஓர் உண்மை இருக்கிறது. 2011இல் பலர் இழந்து வருந்திய க்னோம் 2, 2002 ஜூனில் வெளிவந்தபோது இதே போன்ற வசையைப் பெற்றதுதான். அதற்கு முந்தைய வடிவில் இருந்த எண்ணற்ற விருப்பத் தேர்வுகளை வெட்டி எறிந்துவிட்டார்கள் என்பது அன்றைய குறை. அன்று வசைபெற்றதே ஒன்பது ஆண்டுகளில் மரபாகிவிட்டது. மரபு உருவாக நூற்றாண்டுகள் வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். அன்றாடம் கை படும் பொருளில் அதற்குச் சில ஆண்டுகளே போதும்.

அதே 2011 ஏப்ரலில் உபுண்டு தன் 11.04 வடிவில் க்னோமின் புதிய முகப்பை ஏற்காமல், யூனிட்டி என்னும் தன் சொந்த முகப்பை முன்வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே சாளரப் பொத்தான்களை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாற்றியதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, இங்கே வடிவமைப்பு முடிவுகள் வாக்கெடுப்பில் எடுக்கப்படுவதில்லை என்ற பொருள்பட அதன் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் பதில் கூறியிருந்தார். சொல் கசப்பானது, ஆனால் நேர்மையானது. கட்டற்ற மென்பொருளின் உரிமம் பயனருக்கு வாக்குரிமை தரவில்லை. அது தருவது வேறொன்று: மூலநிரலை எடுத்துக்கொண்டு தனியே செல்லும் உரிமை.

அவ்வுரிமையைப் பயன்படுத்தியவர்களுள் ஒருவர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த பயனர். 2011லேயே அவர் க்னோம் 2இன் மூலநிரலை எடுத்துப் புதுக் கிளையாக வளர்க்கத் தொடங்கினார். தென்னமெரிக்காவில் அருந்தப்படும் இலைப்பானம் ஒன்றின் பெயரால் அதற்கு ‘மாத்தே’ என்று பெயரிட்டார். பழையதும் புதியதும் ஒரே கணினியில் சேர்ந்திருக்க முடியாதபடி பெயர்கள் மோதின. எனவே ஒவ்வொரு செயலியும் பெயர் மாறியது. கோப்பு மேலாளர் நாட்டிலஸ் ‘காஹா’ ஆயிற்று. ஸ்பானிய மொழியில் பெட்டி என்று பொருள். எழுதும் கருவியான ஜிஎடிட் ‘ப்ளூமா’, அதாவது இறகு. ஆவணம் காட்டும் எவின்ஸ் ‘அத்ரில்’, நூல் வைத்துப் படிக்கும் தாங்கி. கிளையோடு, பல மொழிகளின் தன்னார்வலர்கள் செய்துவைத்த மொழிபெயர்ப்புகளும் சென்றன. தமிழும் அவற்றுள் ஒன்று.

ஏடு படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. ஒரு நூலின் பாடம் பிடிக்காதபோது நம் முன்னோர் வேறொரு பாடத்தைக் காத்து வந்தனர், இரண்டும் இருந்தன. லினக்ஸ் மின்ட் என்னும் வழங்கலை உருவாக்கிய கிளெமென்ட் லெஃபெவ்ர் குழுவினர் வேறு வழி கண்டனர். க்னோம் 3இன் முகப்பு நிரலையே கிளைபிரித்து, அதன்மேல் பழைய அமைப்பைக் கட்டி ‘சின்னமன்’ என்று பெயரிட்டனர். க்னோமும் இறங்கி வந்தது. 2013 மார்ச்சில் வந்த 3.8இல் ‘கிளாசிக்’ என்னும் பழைய சாயல் கொண்ட வடிவம் சேர்க்கப்பட்டது. 2014இல் ரெட் ஹேட் நிறுவனம் தன் வணிக வாடிக்கையாளர்களுக்கான ஏழாம் வழங்கலில் அதையே இயல்பிருப்பாக வைத்தது.

இதே காலத்தில் மூடிய மென்பொருள் உலகில் நடந்ததை இதனருகே வைத்துப் பார்க்கவேண்டும். 2012 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 8இல் மைக்ரோசாஃப்ட் ஸ்டார்ட் பொத்தானை நீக்கியது. எதிர்ப்புக்குப்பின் 2013இல் பொத்தான் மட்டும் திரும்பியது. முழுப் பட்டி 2015இல் விண்டோஸ் 10உடன்தான் வந்தது. இடையில் வெளியார் செய்த துணைநிரல்களால் ஒப்பேற்றலாம். மற்றபடி நிறுவனத்தின் மனம் மாறக் காத்திருப்பதே வழி. லினக்ஸ் பயனர் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் ‘லினக்ஸ் பயனர்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுவதில் ஒரு மறைப்பு உண்டு. கிளைபிரிக்க வல்லவர் நிரல் எழுதத் தெரிந்தவர் மட்டுமே. மற்றவரின் பழக்கம், முகமறியாத யாரோ ஒருவரின் மாலைநேர உழைப்பை நம்பியிருக்கிறது. மாத்தேயின் அடித்தளமாக இருந்த ஜிடிகே 2 நூலகம் காலாவதியாகிவந்தது. பணிமேடை முழுவதையும் ஜிடிகே 3க்கு மாற்றி முடிக்க 2017 மார்ச் வரை ஆயிற்று. திரையில் எதுவும் மாறாதிருப்பதற்காக அடியில் அனைத்தையும் மாற்றிய உழைப்பு அது. பழையதைப் பழையதாகவே வைத்திருப்பது சும்மா இருப்பதன்று.

யூனிட்டியைக் கைவிடுவதாக உபுண்டு 2017 ஏப்ரலில் அறிவித்து, அவ்வாண்டு அக்டோபரில் க்னோமுக்குத் திரும்பியது. அப்போது யூனிட்டியை இழந்ததற்காக வருந்தியவர்களும் இருந்தனர். 2021இல் க்னோம் 40 வந்தபோது, செங்குத்தாக இருந்த பணியிடங்கள் கிடைமட்டமாயின. அதற்கும் முணுமுணுப்பு எழுந்தது. மாற்றுகிறவர்கள் மாற்றிக்கொண்டும் பழகியவர்கள் வருந்திக்கொண்டும் இருப்பார்கள். அவ்வருத்தம் வெறும் புலம்பலாக முடிந்துபோகாமல் சில வேளைகளில் ஒரு வாழிடத்தைக் காப்பாற்றுகிறது என்றால், 1980களில் எழுதப்பட்ட ஓர் உரிமத்தின் சில வரிகளுக்கும், ஊதியமின்றி நிரலைப் பேணும் சிலருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.