ஓர்சே ரயில் நிலையம்

ஓர்சே ரயில் நிலையம்: பாரிஸ் மாநகரில், சேன் நதியின் இடக்கரையில், லூவர் அரண்மனையை நோக்கி நிற்பது, 1900-இல் திறக்கப்பட்டு, இப்போது கலைக் காட்சிசாலையாக விளங்குவது. இவ்விடத்தில் முன்பிருந்த ஓர்சே அரண்மனை 1871-இல் பாரிஸ் கம்யூன் கிளர்ச்சியில் தீக்கிரையாகி, ஏறக்குறைய 30 வருஷகாலம் கருகிய சுவர்களாகவே கிடந்தது. 1900-இல் பாரிஸில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு வரும் யாத்ரிகர்களை நகரின் நடுவிலேயே கொண்டுவந்து இறக்க விரும்பிய பாரிஸ்–ஓர்லேயான் ரயில்வே கம்பெனி அந்நிலத்தைப் பெற்று, விக்தோர் லாலூ என்னும் கட்டடக் கலைஞரிடம் நிர்மாணத்தை ஒப்புவித்தது.

எதிர்க்கரை மாளிகைகளின் கம்பீரத்துக்குக் குறைவு நேரலாகாது என்று கருதிய லாலூ, ஈஃபல் கோபுரத்துக்குச் செலவானதைக் காட்டிலும் அதிகமாக, சுமார் 12,000 டன் உலோகத்தால் எழுப்பிய சட்டக்கூட்டைக் கல்லால் போர்த்தி மறைத்து, 370 அறைகள் கொண்ட ஹோட்டலையும் அதனோடு இணைத்தார். நீராவி எஞ்சின் கக்கும் புகையும் கரியும் இத்தகைய அலங்கார மண்டபத்தைச் சீக்கிரமே பாழாக்கியிருக்கும். மின்சார எஞ்சின்கள் வந்ததனாலேயே 138 மீட்டர் நீளமுள்ள இம்மண்டபத்துக்குள் ரயில் வரமுடிந்தது.

ஆயினும் இதற்கு ஜன்மம் அளித்த மின்சாரமே இதன் உபயோகத்தையும் பறித்தது என்பதுதான் விசித்திரம். மின்சாரப் பாதைகள் விரிவடைய, ரயில்கள் நீண்டன, பிளாட்பாரங்கள் நீளவில்லை. 1939 முதல் தூரதேச வண்டிகள் நின்றுபோய், புறநகர் வண்டிகளே மிஞ்சின. 1945-இல் விடுதலையாகித் திரும்பிய யுத்தக் கைதிகளை வரவேற்கும் இடமாகவும், பின்னர் ஆர்சன் வெல்ஸின் ‘தி டிரையல்’ திரைப்படத்துக்குக் களமாகவும் அது பயன்பட்டது. 1958-இல், மீண்டும் ஆட்சிப்பொறுப்பை ஏற்கச் சித்தமாயிருப்பதை ஜெனரல் டி கோல் பத்திரிகையாளர்களிடம் தெரிவித்ததும் நிலையத்தோடு இணைந்த ஹோட்டலில்தான்.

நிலையத்தை இடித்துவிட்டுப் புதிய ஹோட்டல் கட்டுவதற்கான திட்டமும் தயாராயிற்று. 1971-இல் லே ஆல் சந்தையின் அழகிய இரும்பு மண்டபங்களைத் தகர்த்துவிட்டுப் பாரிஸ்வாசிகள் பட்ட பச்சாத்தாபமே ஓர்சேயைக் காத்தது எனலாம். 1973-இல் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்று, 1978-இல் சரித்திரச் சின்னமாக அங்கீகரிக்கப்பட்ட இக்கட்டடத்தின் உட்புறத்தை இத்தாலியப் பெண்மணி காயே அவுலெந்தி அமைக்க, 1986 டிசம்பரில் காட்சிசாலை திறக்கப்பட்டது. 1848 முதல் 1914 வரையிலான கலைப்படைப்புகளே இதன் முக்கிய செல்வம். அவுலெந்தியின் கனத்த கற்சுவர்கள் லாலூவின் மென்மையான கூரையோடு முரண்படுகின்றன என்ற கண்டனம் நியாயமானதே. எனினும் கண்ணாடிக் கூரையின் வழியே இறங்கும் பகலொளி சிற்பங்களுக்கு மிக இசைந்திருப்பதை யாரும் மறுக்கவியலாது. கட்டடத்தின் அடியில் புறநகர் ரயில்கள் இன்றும் ஓடுகின்றன. அங்குள்ள நிறுத்தத்துக்கு இக்காட்சிசாலையின் பெயரே வழங்குகிறது.