இல்லக் காவலுக்கான முதற் கைத்துப்பாக்கி

கைத்துப்பாக்கி என்பது தோளில் அண்டக் கொடுக்காமல், ஒரு கையாலோ இரு கைகளாலோ பற்றிச் சுடத்தக்க சிறிய துப்பாக்கியாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது படைவீரருக்கும் போலீஸாருக்கும் மட்டும் உரிய ஆயுதமாக நின்றுவிடாமல், சாதாரணக் குடும்பஸ்தர் தம் படுக்கையறையில் வைத்திருக்கும் பொருளாகவும் இருந்து வருகிறது. பியூ ஆராய்ச்சி நிலையம் 2023-இல் நடத்திய கணிப்பில், வயதுவந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் தம்மிடம் துப்பாக்கி உண்டு என்றனர். அவர்களுள் 100-க்கு 72 பேர் தற்காப்பையே அதற்கு முக்கிய காரணமாகக் கூறினர். வேட்டைக்காகத் துப்பாக்கி வாங்குபவருக்குத் தந்தையோ மாமனோ சிறு வயதிலேயே காட்டிலும் வயலிலும் கற்றுக்கொடுத்த பழக்கம் துணைநிற்கும். அக்கம்பக்கத்தில் நடந்த ஒரு திருட்டால் மனம் கலங்கி, முன்பின் ஆயுதத்தையே தொட்டறியாமல் கடைக்குள் நுழைபவருக்கோ அத்தகைய துணை எதுவுமில்லை. ஆதலால் இல்லக் காவலுக்கான முதற் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது அந்நாட்டில் தனியே விவாதிக்கப்படும் ஒரு விஷயமாகியிருக்கிறது.

துப்பாக்கி வைத்திருக்கும் உரிமைக்கு மூலம் 1791-இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தமாகும். அது குடிப்படையைச் சார்ந்த உரிமையா, தனி மனிதனுக்குரிய உரிமையா என்ற வாதம் நெடுங்காலம் தீராதிருந்தது. தலைநகரான வாஷிங்டனில் 1976 முதல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது ஏறக்குறைய முற்றிலும் தடைசெய்யப்பட்டிருந்தது. மற்ற வகைத் துப்பாக்கிகளையும் தோட்டா நீக்கி, கழற்றியோ விசைக்குப் பூட்டிட்டோதான் வீட்டில் வைக்கலாம் என்ற விதியும் இருந்தது. டிக் ஹெல்லர் என்னும் காவற்பணியாளர் தொடுத்த வழக்கில், 2008 ஜூன் 26-இல் உச்ச நீதிமன்றம், நான்கு நீதிபதிகள் மாறுபட ஐவர் ஒருமித்து, வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனி மனிதனின் உரிமையே என்று தீர்த்தது. இத்தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கலியா, அவ்வுரிமை எல்லையற்றதன்று என்பதையும் அதிலேயே குறித்திருக்கிறார். 2010-இல் சிகாகோ நகரின் தடையைப் பற்றிய மக்டொனால்டு வழக்கின் மூலம் இவ்வுரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்துவதாயிற்று.

வாங்கும் முறையை 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1993-ஆம் ஆண்டின் பிரேடி சட்டமும் வகுக்கின்றன. லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்; 4473 என்ற எண்ணுள்ள படிவத்தைப் பூர்த்திசெய்த பிறகு, வாங்குபவர் பெரிய குற்றத்துக்காகவோ இல்லத்தாரைத் தாக்கிய குற்றத்துக்காகவோ தண்டனை பெற்றவரா என்பது முதலியவற்றை 1998 முதல் இயங்கும் விசாரணை ஏற்பாட்டின்வழி வியாபாரி உடனுக்குடன் கேட்டறிகிறார். இவற்றின்மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் விதிகளைச் சேர்க்கிறது. கலிபோர்னியாவில் பணம் கொடுத்த பின்னும் 10 நாட்கள் காத்திருக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் வீட்டுக்குள் வைப்பதற்கே லைசென்ஸ் வேண்டும்.

கைத்துப்பாக்கிகள் இரு பெரும் வகையின. அவற்றுள் மூத்தது, சாமுவேல் கோல்ட் 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ரிவால்வர். இதில் ஐந்து அல்லது ஆறு அறைகள் கொண்ட உருளை ஒன்று, விசையை இழுக்குந்தோறும் ஓர் அறையளவு சுழன்று, அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொணர்ந்து நிறுத்துகிறது. ஒரு தோட்டா வெடிக்காமற்போனாலும் மீண்டும் விசையை இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடும். உருளையைப் பக்கவாட்டில் தள்ளித் திறந்தால் எல்லா அறைகளும் கண்ணுக்கு நேரே தெரிவதால், தோட்டா உள்ளே இருக்கிறதா இல்லையா என்ற ஐயத்துக்கே இடமில்லை. 1898-இல் தோன்றிய .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடும் ரிவால்வர்கள் பல தலைமுறைகளாக அமெரிக்கப் போலீஸாரின் இடுப்பில் தொங்கியதற்கு இந்த எளிமை ஒரு முக்கிய காரணம். ஆயின் சுத்தியலையும் பின்னுக்குத் தள்ளி உருளையையும் சுழற்ற வேண்டியிருப்பதால், இதன் விசை நீண்டும் கனத்தும் இருக்கும். பழகாத விரல் அதை இழுக்கும்போது குழலின் நுனியும் சேர்ந்து அசைந்து, குறி தவறிப்போகும்.

மற்றது, பிஸ்டல் எனப்படும் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி. பிடிக்குள் செருகிய, மேகசின் என்னும் தோட்டாக்கூட்டிலிருந்து மேலெழும் தோட்டாவை, குழலைப் போர்த்தியவாறு முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு என்ற உறுப்பு தள்ளிச் சென்று அறைக்குள் ஏற்றுகிறது. வெடித்தபின் அதே வேகத்தால் ஸ்லைடு பின்னோடி, வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை எடுத்துக்கொண்டு முன்வருகிறது. இந்த யந்திர அமைப்பைச் செப்பமாக்கியவர்களுள் தலையாயவர் ஜான் மோசஸ் பிரௌனிங்; அவர் வகுத்த .45 பிஸ்டலை 1911-இல் அமெரிக்கத் தரைப்படை ஏற்றது. ஆஸ்திரியாவில் காஸ்டன் க்ளாக் என்பவர் 1980-களின் தொடக்கத்தில் பிளாஸ்டிக் சட்டகத்தோடு உருவாக்கிய, 17 தோட்டாக்கள் கொள்ளும் பிஸ்டல், எடைக் குறைவாலும் விலைக் குறைவாலும் உறுதியாலும் அமெரிக்கப் போலீஸாரிடையே ரிவால்வரின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. இன்று கடைகளில் முதன்முறையாக வாங்குவோர் முன்னே பெரும்பாலும் எடுத்து வைக்கப்படுவது இவ்வகையே. இதன் அபாயம் ஒன்றை எத்தனை முறை சொன்னாலும் தகும். மேகசினைக் கழற்றிவிட்டதால் துப்பாக்கி காலியாகிவிடுவதில்லை. அறைக்குள் ஏறிய ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். காலி என்று எண்ணி விசையை இழுத்து நேர்ந்த மரணங்கள் பல, இந்த ஒற்றைத் தோட்டாவால் நேர்ந்தவை. மேகசினை முதலில் எடுத்து, பிறகு ஸ்லைடை முழுவதும் பின்னிழுத்து நிறுத்தி, அறையைக் கண்ணாலும், இருட்டாயிருந்தால் சுண்டுவிரல் நுனியாலும் சோதித்தல் என்னும் வரிசை, தூக்கத்திலும் பிறழாத அளவுக்குக் கையில் ஊற வேண்டும்.

இவ்விரண்டில் எது நன்று என்ற கேள்விக்குப் பொதுவான விடையில்லை. விடை வாங்குபவரின் கையில் இருக்கிறது. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கவடு பிடியின் பின்புறத்தில் மேலேறிப் படியுமாறு பற்றினால், குழல் முன்கை எலும்போடு ஒரே கோட்டில் அமைய வேண்டும். அந்நிலையை மாற்றாமலே ஆட்காட்டி விரலின் முதற் கணு விசையைத் தொட வேண்டும். பிடி பருத்திருந்தால் சிறிய கையையுடையவர், விசையை எட்டுவதற்காக மணிக்கட்டைத் திருப்பிக்கொள்வார். குழல் ஒரு பக்கமும் முன்கை ஒரு பக்கமுமாகப் போய்விடும். ஸ்லைடை இழுக்கும் வலு உண்டா என்பதும் கடையிலேயே தெரிந்துவிடும். மூட்டுவாதம் உள்ள முதியவர் ஒருவர் ஸ்லைடின் பின்முனையை இரு விரல் நுனிகளால் கிள்ளி இழுக்கப் பார்த்து, அது அசையாமல் வெட்கப்பட்டுக் கீழே வைப்பதுண்டு. அவரையே, உள்ளங்கை முழுவதையும் ஸ்லைடின்மேல் கவித்துப் பற்றி, மற்றக் கையால் பிடியை முன்னே தள்ளச் சொன்னால் பல சமயம் அது எளிதில் ஓடிவிடும். அப்படியும் ஓடாவிட்டால் அவருக்குப் பொருந்துவது ரிவால்வரோ, 2018-இல் ஸ்மித் அண்டு வெஸன் வெளியிட்ட ஷீல்டு ஈஸி போன்ற இழுக்க எளிதான சுருள்வில்லையுடைய பிஸ்டலோ ஆகும்.

மிகச் சிறிய, மிக இலேசான துப்பாக்கியே புதியவருக்கும் பெண்களுக்கும் ஏற்றது என்ற அபிப்பிராயம் விற்பனையாளரிடையேயும் வாங்குவோரிடையேயும் பரவியிருக்கிறது. இது தவறு. ஒரே வகைத் தோட்டாவைச் சுடும்போது, கனம் குறைந்த துப்பாக்கியே கையை வேகமாகப் பின்னுதைக்கும். ஏறத்தாழ 425 கிராம் எடையுள்ள ஐந்து தோட்டா ரிவால்வர் தரும் அடி, ஒரு கிலோ எடையுள்ள நான்கு அங்குலக் குழல் ரிவால்வரில் பெரிதும் தணிந்துவிடுகிறது. சட்டைப்பைக்குள் ஒளித்துச் செல்வதற்காகப் பிறந்தது சிறிய துப்பாக்கி. வீட்டில் இருக்கப்போகும் ஆயுதத்துக்கு அவ்வாறு ஒளிய வேண்டிய அவசியமில்லை. இரண்டு முறை சுட்டதும் கை வலிக்கும் துப்பாக்கியை எவரும் மூன்றாம் நாள் பயிற்சிக்கு எடுத்துச் செல்ல மாட்டார். அந்நாட்டின் சுடுபயிற்சிக் கூடங்கள் பலவற்றில் துப்பாக்கிகள் வாடகைக்குக் கிடைக்கும். நாலைந்து வகையைச் சுட்டுப் பார்த்து, கடைசித் தோட்டா வரை கண் இமையாமல் சுட முடிந்ததை வாங்குவதே விவேகம்.

தோட்டாவின் அளவைப் பற்றி முடிவில்லாத தர்க்கம் நிகழ்ந்திருக்கிறது. 1986-இல் மயாமியில் நிகழ்ந்த மோதலில் தன் ஆட்கள் இருவரை இழந்த மத்தியப் புலனாய்வு நிறுவனமாகிய எஃப்பிஐ பெரிய தோட்டாக்களை நாடிச் சென்று, பல்லாண்டுகளுக்குப் பிறகு, ஜார்ஜ் லூகர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த 9 மில்லிமீட்டருக்கே திரும்பியதைச் சொன்னால் போதும். வீட்டைப் பொறுத்தவரை கவலைக்குரியது வேறு. அமெரிக்க வீடுகளின் உட்சுவர், மரச்சட்டத்தின் இருபுறமும் அறையப்பட்ட, அரை அங்குலப் பருமனுள்ள ஜிப்சம் பலகையேயாகும். தற்காப்புக்குப் போதிய வலிமையுள்ள எந்தத் தோட்டாவும் அத்தகைய சுவர்கள் பலவற்றைத் துளைத்துச் செல்லும். நுனியில் குழிவுள்ள தோட்டா, உடலில் பட்டால் விரிந்து வேகம் தணியுமாயினும், குறி தவறிச் சுவரைத் தாக்கினால் அதுவும் அடுத்த அறைக்குள் போகவல்லதே. ஆகவே எந்த மூலையிலிருந்து எத்திசையில் சுட்டால் குழந்தைகளின் அறை குறுக்கிடாது என்பதைப் பகல் வெளிச்சத்தில் வீட்டுக்குள் நடந்து பார்த்து அறிந்திருக்க வேண்டும். துப்பாக்கியோடு நல்ல டார்ச் விளக்கும் வாங்கியாக வேண்டும். நள்ளிரவில் கதவைத் திறந்து வரும் உருவம், சொல்லாமல் ஊரிலிருந்து திரும்பிய மகனாகவும் இருக்கலாம்.

சட்டத்தின் நோக்கும் இவ்வெச்சரிக்கையை ஒட்டியதே. ஒருவன் வீடு அவனுக்குக் கோட்டை என்ற கோட்பாடு 1604-ஆம் ஆண்டின் ஆங்கில வழக்கொன்றிலிருந்து வந்து அமெரிக்க மாநிலங்களில் நிலைபெற்றது. எனினும், பெரும்பாலான மாநிலங்களில் உயிருக்கோ உடலுக்கோ பேராபத்து என்று நியாயமாக அஞ்சும் நிலையில்தான் சுடலாம். பொருளைக் காப்பதற்காக மட்டும் சுடுவது அங்கெல்லாம் பொதுவாகக் குற்றமாகும்.

வைக்கும் பெட்டியையும் துப்பாக்கியோடு ஒரே நாளில் தேர்ந்தெடுக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, வியாபாரி கைத்துப்பாக்கியோடு ஒரு பூட்டையோ அதற்கு இணையான சாதனத்தையோ தந்தாக வேண்டும். பெரும்பாலும் தரப்படுவது, துப்பாக்கியினூடே கோக்கும் கம்பிப் பூட்டு. அதைக் கழற்றச் சாவி தேட வேண்டியிருப்பதால், பலர் சில நாட்களில் மேசை இழுப்பறையில் எறிந்துவிடுகின்றனர். எண்களை அழுத்தினால் உடனே திறக்கும் சிறிய எஃகுப் பெட்டியைச் சுவரிலோ கட்டிலிலோ திருகாணியால் இறுக்கி வைப்பது, அவசரத்துக்கும் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் ஒருங்கே இணங்குவதாகும். உயர்ந்த அலமாரியும் தலையணையின் அடிப்புறமும் குழந்தைக்குத் தெரியாத இடங்கள் என்று பெற்றோர் நம்புவது வீண்.

பூட்டு காப்பது குழந்தைகளை மட்டுமன்று. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்ட 48,830 பேரில் 26,328 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, 2020-இல் வெளிவந்த ஆராய்ச்சி, கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது ஏனைய ஆண்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு என்றும், பெண்களிடையே அது 35 மடங்குக்கும் மேல் என்றும் கண்டது. எந்தக் குழல், எந்தத் தோட்டா என்று ஆராயப் புகுமுன், தம் வீட்டில் மனச்சோர்வால் வாடுபவர் உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்று ஒருவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். உண்டாயின், உறுதியான கதவும் எச்சரிக்கை மணியும் ஒரு நாயுமே அவ்வீட்டுக்குத் தக்க காவல் என்பது இக்கட்டுரையாசிரியரின் துணிபு.

துப்பாக்கிக்கும் தற்கொலைக்கும் உள்ள இத்தொடர்பை முதலில் உணர்ந்தவர்களுள் துப்பாக்கி வியாபாரிகளும் உண்டு. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 2009-இல், ஒரே கடையில் ஒரு வாரத்துக்குள் துப்பாக்கி வாங்கிய மூவர், வாங்கிய சில மணி நேரத்துக்குள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். அதன்பின் அம்மாநிலத்துக் கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் கூடி, பராமரிப்பைப் பற்றியோ தோட்டாவைப் பற்றியோ ஒன்றும் கேளாமல் அவசரப்படுத்தும் புதியவருக்கு விற்க மறுக்கலாம் என்று விற்பனையாளருக்கு உரைக்கும் குறிப்புகளையும், வாங்க வருவோர் காணும்படி சுவரில் ஒட்டும் அறிவிப்புகளையும் அச்சிட்டனர். இம்முறை பிற மாநிலங்களுக்கும் பரவியது. கொலராடோவில், வீட்டில் ஒருவர் மனம் நொந்திருக்கும் காலத்தில் துப்பாக்கியைச் சில நாட்கள் வாங்கி வைத்திருந்து, பிறகு திருப்பித் தரச் சம்மதிக்கும் கடைகளும் போலீஸ் நிலையங்களும் எங்கெங்கே உள்ளன என்று காட்டும் வரைபடம் ஒன்று பொதுமக்களுக்காக வெளியிடப்பட்டிருக்கிறது.