அமெரிக்காவின் ரகசிய நீதிமன்றம்: போர்க்காலக் கண்காணிப்புக்குக் கடிவாளம் யார் கையில்?

அமெரிக்க நாடாளுமன்றம் போர்ப் பிரகடனம் செய்தால், நீதிமன்ற அனுமதியின்றி மின்னணு ஒட்டுக்கேட்புக்கு உத்தரவிட அதிபருக்கு 15 நாட்கள் வரை அதிகாரம் உண்டு. 1978-இல் இயற்றப்பட்ட, 'ஃபிசா' எனப்படும் வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம் போர்க்காலத்துக்கு வகுத்த வரம்பு இது. ஆனால் அந்நாடு கடைசியாக முறைப்படி போர்ப் பிரகடனம் செய்தது 1942-இல். அதன்பின் நடந்த போர்கள் அனைத்தும் பிரகடனமின்றியே நடந்தன.

சட்டம் பிறந்த பின்னணி

மார்ட்டின் லூதர் கிங் உள்ளிட்டோரின் தொலைபேசிகளை எஃப்பிஐ ஒட்டுக்கேட்டது உள்ளிட்ட அத்துமீறல்களை, செனட் உறுப்பினர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு 1975 முதல் விசாரித்தது. அதன் தொடர்ச்சியாகவே ஃபிசா சட்டமும் அதற்கெனத் தனி நீதிமன்றமும் உருவாகின. தலைமை நீதிபதி நியமிக்கும் 11 நீதிபதிகள் இதில் உள்ளனர். விசாரணை மூடிய அறையில் நடைபெறும். பொதுவாக அரசுத் தரப்பு மட்டுமே வாதிடும்.

2001-க்குப் பிறகு

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், இந்நீதிமன்றத்தையும் தவிர்த்துவிட்டு ஒட்டுக்கேட்க அதிபர் புஷ் ரகசிய அனுமதி அளித்தார். 2005-இல் 'நியூயார்க் டைம்ஸ்' அதை அம்பலப்படுத்தியது. வெரைசான் வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களை நாள்தோறும் ஒப்படைக்க இதே நீதிமன்றம் உத்தரவிட்டிருந்ததை, 2013-இல் எட்வர்டு ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்கள் காட்டின.

1979 முதல் 2012 வரை வந்த சுமார் 33,900 விண்ணப்பங்களில் நிராகரிக்கப்பட்டவை 11 மட்டுமே. குறையுள்ள விண்ணப்பங்கள் முன்னதாகவே திருத்தப்படுவதே இதற்குக் காரணம் என்பது ஆதரவாளர்களின் வாதம். எனினும், டிரம்ப்பின் முன்னாள் பிரசார ஆலோசகர் ஒருவரைக் கண்காணிக்க எஃப்பிஐ அளித்த விண்ணப்பங்களில் 17 முக்கியப் பிழைகளும் விடுபடல்களும் இருந்ததை, நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2019-இல் கண்டறிந்தார். எதிர்த்தரப்பு இல்லாத அவையில் அப்பிழைகளைச் சுட்டிக்காட்ட எவரும் இருக்கவில்லை.

2015-இல் வந்த சட்டம், அழைப்பு விவரங்களை மொத்தமாகத் திரட்டுவதை நிறுத்தியது. முக்கிய வழக்குகளில் நீதிமன்றத்துக்கு உதவ வெளி வல்லுநர்களை நியமிக்கவும் வழிசெய்தது.

இந்தியர்களுக்கு என்ன தொடர்பு?

2008-இல் சேர்க்கப்பட்ட 702-ஆவது பிரிவின்படி, அமெரிக்காவுக்கு வெளியே வசிக்கும் வெளிநாட்டினரைக் கண்காணிக்கத் தனித்தனி ஆணை தேவையில்லை. நடைமுறை விதிகளுக்கு ஆண்டுதோறும் ஒப்புதல் பெற்றாலே போதும். இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களும் இந்த வரையறைக்குள் அடங்குவர்.

இந்தியாவிலோ ஒட்டுக்கேட்புக்கு முன்கூட்டியே அனுமதி தரும் நீதிமன்றமே இல்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழிகாட்டுதலின்படி, உள்துறைச் செயலர் உத்தரவிடுகிறார். மத்திய அரசின் உத்தரவுகளை அமைச்சரவைச் செயலர் தலைமையிலான குழு மறுஆய்வு செய்கிறது. உத்தரவிடுவதும் சரிபார்ப்பதும் அரசு நிர்வாகமே.